புயலுக்கும் போருக்கும் தப்பி வந்தவர்களுக்கு உதவ: ராமநாதபுரம் கடலோரக் கேள்வி பதில்

தொண்டியிலிருந்து ரோச்மா நகர் வரைக்கும் நீளும் இந்தக் கரையில் நிவாரணப் பணி இரண்டு வகைப்படும். ஐப்பசி, கார்த்திகையில் வரும் புயல் மழைக்குச் செய்வது ஒன்று. 1983 தொடங்கி விட்டுவிட்டு இலங்கையிலிருந்து வந்திறங்கும் குடும்பங்களுக்குச் செய்வது மற்றொன்று. இளைஞர் மன்றம், ஜமாத், பங்குப் பேரவை, கல்லூரி என்று உதவ வரும் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

புயல் அடித்த மறுநாள் முதலில் எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

தண்ணீர், அதைச் சுத்தம் செய்யும் பொருள், அதைப் பிடித்துவைக்கப் பாத்திரம். இந்த மூன்றுக்கும் பிறகுதான் மற்றதெல்லாம். நம் மாவட்டத்தில் நல்ல நாளிலேயே குடிதண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைப்பவர்கள் அதிகம். மின்சாரம் போனால் காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரத்து நிற்கும். கடல் உள்ளே ஏறிய ஊரில் ஊற்றும் கிணறும் உப்பாகிவிடும். ஊருணியில் சாக்கடை கலக்கும். மூன்றும் ஒரே நாளில் நடக்கக்கூடியவை.

கிளம்புவதற்கு முன் ஊர்த் தலைவருக்கோ விஏஓவுக்கோ ஒரு போன் போடுங்கள். "எத்தனை பேர், எங்கே தங்கியிருக்காங்க, இன்னிக்கு ராத்திரிக்கு என்ன இல்ல?" இந்த மூன்றையும் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. கேட்காமல் போகும் வண்டிகள் எல்லாம் மெயின் ரோட்டை ஒட்டிய முதல் ஊரிலேயே இறக்கிவிட்டுத் திரும்பும். அந்த ஊரில் பிஸ்கட் மூட்டை குவியும், நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் குடியிருப்புக்கு ஒன்றும் போய்ச் சேராது.

ஓர் ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் கணக்கு?

உலக அளவில் நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோல்படி, குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். பெரிய பிளாஸ்டிக் குடத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். குடிக்க மட்டும் இரண்டரை முதல் 3 லிட்டர். புயல் பாதுகாப்பு மையத்தில் 200 பேர் இருந்தால் 3,000 லிட்டர் வேண்டும். அதாவது 1,000 லிட்டர் சின்டெக்ஸ் மூன்றைத் தினம் ஒருமுறை நிரப்ப வேண்டும். அவ்வளவு கிடைக்கவில்லை என்றால் குடிக்கவும் சமைக்கவும் ஆகும் தண்ணீரைத் தனித் தொட்டியில் ஒதுக்கிவிட்டு, கழுவுவதற்கு உப்புத் தண்ணீரையே பயன்படுத்தலாம்.

ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் வரக்கூடாது. மீன் ஏற்றிய ஐஸ் பெட்டியைக் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடிப்பது இங்கே சகஜம். அதில் குடிதண்ணீர் வேண்டாம். எவ்வளவு தேய்த்தாலும் மூலையில் கவிச்சி நிற்கும், குளோரினையும் அதுவே தின்றுவிடும்.

பிளீச்சிங் பவுடரை எப்படி, எவ்வளவு போடுவது?

தவறு அதிகம் நடப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

தரமான பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். வெள்ளம் கலந்த தண்ணீர் என்றால் இரு மடங்கிலிருந்து தொடங்கி, பரிசோதனை பார்த்துக் கூட்ட வேண்டும். கைப்பிடிக் கணக்கு உதவாது. மளிகைக் கடையில் இருக்கும் டிஜிட்டல் தராசே போதும், ஒரு கிராம் வரை காட்டும்.

கிணற்றுக்கு முதலில் கொள்ளளவு பார்க்க வேண்டும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கினால் கன மீட்டர் வரும். உதாரணமாக, 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் உள்ள உறைகிணற்றில் 2 × 2 × 3 × 0.785, அதாவது 9.42 கன மீட்டர். ஏறக்குறைய 9,400 லிட்டர். சாதாரண நாளில் இதற்கு 24 கிராம், வெள்ளத்துக்குப் பிறகு 47 கிராம்.

பவுடரை நேராகக் கிணற்றில் கொட்டக்கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் எடுக்கலாம்.

அடுத்தது பரிசோதனை. சுகாதார ஆய்வாளரிடம் இருக்கும் குளோரின் பெட்டியில் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். பத்து வினாடிக்குள் நிறத்தைப் பார்த்துவிடுங்கள். தாமதித்தால் அழுக்கோடு சேர்ந்துபோன குளோரினும் கணக்கில் வந்து ஏமாற்றும். லாரியில் ஏற்றும்போது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால், குடத்துக்கு வரும்போது குறைந்தபட்சம் 0.2 நிற்கும். நிறமே வரவில்லையா? பவுடர் செத்திருக்கும். கடற்கரை ஈரக்காற்றில் வாய் திறந்த மூட்டை சீக்கிரம் வலுவிழக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாமல் வைக்க வேண்டும். அரிசி மூட்டையோடு ஒரே அறையில் அடுக்காதீர்கள்.

கலங்கல் தண்ணீரில் குளோரின் வேலை செய்யாது. பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி, தெளியவிட்டு வடித்த பிறகு குளோரின் போடுங்கள். தேத்தாங்கொட்டை மண்ணை அடியில் இறக்குமே தவிர, கிருமியைக் கொல்லாது. தேற்றிய தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று சொல்லும் பெரியவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கடல் புகுந்த கிணற்றை மோட்டார் வைத்து முழுக்க இறைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது, பல இடங்களில் மோசமாகும். தீவிலும் கரையோரத்திலும் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய படலம். மேலே இருப்பதை வேகமாக உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு எழும்பி வரும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில், சுத்தம் செய்கிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். மணலில் கட்டிய கிணற்றின் சுவரும் உள்ளே சரியும்.

செய்ய வேண்டியது: குப்பை, ஓலை, செத்த பிராணி எல்லாவற்றையும் அகற்றி, ஒருமுறை மெதுவாக இறைத்து, அடிச் சேற்றை அள்ளி, குளோரின் போட்டு விடுங்கள். இறைத்த தண்ணீரைக் கிணற்றடியிலேயே விடாமல் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். மீதியை மழைதான் செய்ய வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் வாரம் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது; வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. அதற்கு மேல் போனால் அந்தக் கிணற்றைக் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் உப்பை எடுக்காது.

வயிற்றுப்போக்கு பரவினால்?

உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அரை லிட்டரில் கரைத்தால் வீரியம் கூடிக் குழந்தைக்குக் கெடுதல். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய டீஸ்பூனில் ஆறு சர்க்கரை, அரை உப்பு. நம் கரையில் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: கரிக்கும் கிணற்றுத் தண்ணீரில் இதைக் கரைக்கவே கூடாது, உப்பு எக்கச்சக்கமாகிவிடும். கேன் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ இதற்கென்று எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம் வீதம் பொதுவாகப் 14 நாள் கொடுப்பார்கள். கிராம செவிலியரிடம் கிடைக்கும். கண் குழி விழுந்து, குடிக்க மறுக்கும் குழந்தையை உடனே 108இல் ஏற்றுங்கள்.

பால் பவுடரும் பால் புட்டியும் கொடுக்கலாமா?

பொதுவாகப் பந்தி வைப்பதுபோல் எல்லாருக்கும் கொடுக்க வேண்டாம். அழுக்குத் தண்ணீரில் கரைத்த பாலும் சரியாகக் கழுவாத புட்டியும்தான் முகாமில் கைக்குழந்தைகளுக்கு எமன். பவுடர் கையில் இருந்தால் தாய் பால் கொடுப்பது குறையும், அதனால் சுரப்பும் குறையும். பயத்தில் பால் வற்றிவிட்டது என்று நினைக்கும் தாய்க்கு மறைவான ஓர் இடமும், சோறும், போதிய தண்ணீரும், பக்கத்தில் ஓர் ஆச்சியும் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாய் இல்லாத குழந்தைக்கு மட்டும் மருத்துவர் சொல்படி பவுடர் வாங்கி, கிண்ணத்திலும் ஸ்பூனிலும் ஊட்டச் சொல்லுங்கள்.

சமைத்த சாப்பாடா, மளிகைப் பொருளா?

அடுப்பு நனைந்திருக்கும் முதல் மூன்று நாளைக்குச் சமைத்த சாப்பாடு. வீட்டுக்குத் திரும்பியதும் மளிகை. அடுப்பே இல்லாதவரிடம் அரிசி மூட்டையைக் கொடுத்தால் அது கடைக்குத்தான் போகும். அவரைக் குறை சொல்ல முடியாது.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு: அரிசி 12 கிலோ, பருப்பு ஒன்றரை கிலோ, எண்ணெய் 1 லிட்டர், சர்க்கரை 1 கிலோ. இவை சேர்ந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரிக்குச் சமமாக வரும். அயோடின் உப்பு, புளி, மிளகாய்த்தூள், டீத்தூள், தீப்பெட்டி தனி. தீப்பெட்டியை மறப்பவர்கள் அதிகம்.

பொதுச் சமையலில் சைவமும் அவித்த முட்டையும் எல்லாருக்கும் ஒத்துவரும். இந்தக் கரையில் மூன்று மதத்தாரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். நோன்புக் காலமானால் சகர் நேரத்துக்கும் இஃப்தாருக்கும் தக்கபடி வண்டியை அனுப்புங்கள். மதியம் கொண்டுபோய் வைத்தால் வீண். சாம்பார் சாதத்தைச் சூட்டோடு பொட்டலம் கட்டி மூன்று மணி நேரம் லாரியில் கொண்டுபோனால் புளித்து நூல் விடும். தூரமான ஊருக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம். பொட்டலத்தின் மேல் கட்டிய நேரத்தை எழுதுங்கள்.

பழைய துணி சேகரிக்கலாமா?

வேண்டாம். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் சாலையோரம் குவிந்து மழையில் நனைந்து கிடந்த துணி மலைகள் போதும். வாங்குவதானால் புதிதாக: லுங்கி, நைட்டி, உள்ளாடை, துண்டு, போர்வை, பாய். நாப்கினை உறை போட்டு, பெண் தன்னார்வலர் கையால் கொடுங்கள். மைக்கில் அறிவித்து வரிசையில் நிற்கச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.

கழிப்பறைக்குக் குழி தோண்டிவிடலாமா?

ராமேஸ்வரம் தீவில் பல இடங்களில் சில அடி தோண்டினாலே தண்ணீர். குழியின் அடி நிலத்தடி நீருக்கு ஒன்றரை மீட்டராவது மேலே இருக்க வேண்டும், கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அதனால் மணல்மேட்டில் உறை வைத்து உயர்த்திக் கட்டுவது, அல்லது பள்ளிக்கூடக் கழிப்பறையைக் கழுவிச் சரிசெய்வது, இரண்டில் ஒன்றுதான். ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. உள்ளே தாழ்ப்பாள், வெளியே விளக்கு. விளக்கில்லாத கழிப்பறைக்கு ராத்திரி போகப் பயந்து, சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் உண்டு.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். இப்போதே கிளம்பலாமா?

கூண்டு எண் 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து, 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. 3க்கு முன்பாகவே தீவுக்குள் சரக்கு சேர்ந்துவிட வேண்டும். தரைவழி என்று இருப்பது 1988இல் திறந்த சாலைப் பாலம் ஒன்று, பக்கத்தில் ரயில் பாலம். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அப்போதிருந்த பழைய ரயில் பாலமும் உடைந்தது. அப்போது சாலைப் பாலமும் இல்லாததால் தீவு துண்டாகிப் போனது. அந்த ரயில் பாலத்தை 46 நாளில் சீர்செய்தார்கள். 46 நாள் என்பது சாதனைதான், ஆனால் தங்கச்சிமடத்தில் அரிசி தீர்ந்துபோன வீட்டுக்கு அது நீண்ட காலம்.

புயலே இல்லாமலும் இது நடக்கும். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தார்ப்பாய், குளோரின், கேன் தண்ணீர், மருந்து ஆகியவற்றைப் புரட்டாசியிலேயே தீவில் ஒரு பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ வைத்துப் பூட்டிவிடுவது நல்லது. சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

படகு உடைந்தவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும்?

காகித வேலையில் கைகொடுங்கள், அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. உடைந்த வத்தையை இழுத்துக் கரையில் போடுவதற்கு முன் கிடந்த நிலையிலேயே படம் எடுக்க வேண்டும்: பதிவு எண், இன்ஜின் எண், உடைந்த இடம், பின்னணியில் ஊர் தெரிகிற மாதிரி ஒன்று. மீன்வளத் துறை ஆய்வாளர் வருவதற்குள் பலகையை விறகாக்கிவிட்டால் கணக்கில் ஏறாது. வலையையும் எடை போட்டுப் படமெடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், மீனவர் நல வாரிய அட்டை, படகுப் பதிவுச் சான்று, வங்கிப் புத்தகம் எதெது போயிற்று என்று வீடு வீடாக எழுதி, எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாளில் சிறப்பு முகாம் நடத்தும்படி தாசில்தாரிடம் கேளுங்கள். தனித்தனியாக அலைந்தால் ஒவ்வொருவருக்கும் பல நாள் தொழில் போகும்.

தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டில் ஆட்கள் நிற்பது தெரிந்தால்?

உடனே கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093 அல்லது கடலோரக் காவல்படை 1554. எந்தத் திட்டு, எத்தனை பேர், குழந்தைகள் உண்டா என்று சொல்லுங்கள். இலங்கையின் தலைமன்னார் பக்கமிருந்து ஆட்களைக் கூட்டிவரும் படகுக்காரர்கள் ரோந்துக்குப் பயந்து திட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே நிழலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஆழம் தெரியாமல் நடந்து கரைக்கு வரப் பார்ப்பதுதான் பேராபத்து, நீரோட்டம் இழுத்துவிடும். நீங்கள் படகில் அருகே இருந்தால், "அங்கேயே நில்லுங்க, ஆள் வர்றாங்க" என்று சொல்லுங்கள், தண்ணீரைக் கொடுங்கள்.

வந்தவர்களுக்குத் தண்ணீரை மடமடவென்று கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஈரத் துணியை மாற்றி, போர்வை போர்த்துங்கள். படகின் அடியில் பெட்ரோலும் கடல் தண்ணீரும் கலந்து கிடக்கும். அதில் உட்கார்ந்து வந்தவர்களின் தொடையிலும் இடுப்பிலும் தோல் வெந்திருக்கும். பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள், பெண் ஒருவர் கேட்க வேண்டும். அந்த உடையைக் களைந்து நல்ல தண்ணீரில் நெடுநேரம் கழுவினால் போதும், பிறகு மருத்துவர் பார்க்கட்டும். எண்ணெய், பற்பசை எதுவும் தடவ வேண்டாம்.

முகம் தெரியப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அவர்களின் உறவினர் இன்னும் அந்தப் பக்கம் இருப்பார்கள்.

வீட்டில் தங்கவைத்து உதவினால் தவறா?

சாப்பாடு போடலாம், மறைத்துவைக்கக் கூடாது. மறைத்தால் வழக்கு உங்கள் மீதும் வரும், அவர்கள் மீதும் இறுகும். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. எனவே பதிவுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. கடலோரக் காவல் நிலைய விசாரணைக்குப் பிறகு மண்டபம் அகதிகள் முகாமுக்கு அனுப்புவது வழக்கம். 2022இல் பொருளாதார நெருக்கடியில் வந்தவர்களும் கடைசியில் அங்கேயே சேர்ந்தார்கள். முன்பு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை நோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்த இடம் அது.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா தொடர்பான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025இல் மத்திய அரசு விலக்கு அளித்தது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு வக்கீல் தேவைப்படும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமில்லாமல் கேட்கலாம்.

முகாமுக்குள் நேராகப் போய்ப் பொருள் கொடுக்கலாமா?

முன் அனுமதி இல்லாமல் முடியாது. மறுவாழ்வுத் துறைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் என்ன பொருள், எத்தனை, யார் வருகிறார்கள் என்று எழுதிக் கொடுங்கள். 2021இல் அறிவித்தபடி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 பணக்கொடை உண்டு. ரேஷன் அரிசியும் உண்டு. ஆகவே அரிசி கொண்டுபோவதைவிட, படிக்கும் பிள்ளைக்குக் கட்டணம், வயதானவருக்குக் கண்ணாடி, தையல் இயந்திரம் என்று கேட்டுச் செய்வது உருப்படும். 1984 முதல் இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்திடம் கேட்டால் எந்த முகாமில் எது குறை என்று தெரியும்.

இலங்கையில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இங்கிருந்து படகில் அனுப்பினால்?

கூடாது, கடல் எல்லையில் கடத்தலாகத்தான் பார்ப்பார்கள். 2022இல் தமிழ்நாடு அரசே 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகளை மத்திய அரசின் ஒப்புதல் பெற்றுக் கப்பலில்தான் அனுப்பியது. உறவினருக்கு வங்கி வழியே பணம் அனுப்பலாம்.

துபாய், சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர்கள் பணம் அனுப்புகிறேன் என்கிறார்கள். சங்கத்தின் கணக்கில் வாங்கலாமா?

பார்த்து வாங்குங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவரோ வெளிநாட்டுச் சங்கமோ அனுப்பினால், அதற்கான பதிவும் டெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் இல்லாமல் உங்கள் சங்கம் அதைத் தொடக்கூடாது. நல்லெண்ணத்தில் வாங்கிய பணத்துக்கு வருடக்கணக்கில் பதில் சொல்ல வேண்டிவரும். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு நேராக அனுப்பச் சொல்வது எளிது.

மீந்துபோன சரக்கை என்ன செய்வது?

கொடுத்தவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். அரிசி, பருப்பு அங்கன்வாடிக்கோ முதியோர் இல்லத்துக்கோ, ரசீது வாங்கிக்கொண்டு. மருந்தை ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநரிடம் காட்டி, காலாவதித் தேதி பார்த்து ஒப்படையுங்கள். தார்ப்பாயைக் கழுவி, வெயிலில் காயவைத்து, எலி புகாத பீப்பாயில் சுருட்டி வையுங்கள்; ஈரத்தோடு மடித்தால் அடுத்த ஐப்பசியில் மடிப்புக்கு மடிப்பு கிழியும். திறந்த பிளீச்சிங் பவுடரை அடுத்த வருடத்துக்கு வைக்காமல் பஞ்சாயத்துச் சாக்கடைக்குக் கொடுத்துவிடுங்கள். வந்தது, போனது, மீந்தது மூன்றையும் ஒரே தாளில் எழுதி, பள்ளிவாசல், கோயில், சர்ச் வாசல்களில் ஒட்டுங்கள்.